முந்தி நீட்டியவை

ஆசைப்படுவதை நிறுத்துவதும், ஆசையைக் காட்டுவதை நிறுத்துவதும் ஒன்றுதானா? சாரா ஏனோக்கைத் தெரிந்தவர்கள் யாரும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் பத்து வருஷம் அவள் தேனீக்களின் முன்னால் உட்கார்ந்து செய்த வேலையில் இந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றும் இல்லை. அவளுடைய வாழ்க்கையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவள் காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிற பெண், அவ்வளவுதான்.

செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஏனோக் பட்டறையில் ஃபிட்டர். 1998 ஜூனில் சாரா விலங்கியலில் கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறினாள். எம்.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்தது. அதே மாதம் ஏனோக் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே சரிந்து விழுந்தார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு ரயில்வே ஒரு வேலை தரும். அதை யார் வாங்கிக்கொள்வது என்று வீட்டில் யாரும் பேசவே இல்லை. தம்பி ஷெர்வினுக்குப் பதினெட்டு முடிய எட்டு மாதம் பாக்கி இருந்தது. காத்திருந்தார்கள். அந்த எட்டு மாதத்துக்கு மட்டும் என்று சாரா வேலைக்குப் போனாள். ஷெர்வின் அப்பாவின் பட்டறையிலேயே சேர்ந்தபோது அவளுடைய எம்.எஸ்ஸி. இடம் வேறு யாருடையதாகவோ ஆகியிருந்தது.

"அடுத்த வருஷம் என்ட்ரன்ஸ் எழுதேன்" என்றாள் அம்மா ரேச்சல். அடுத்த வருஷம் சாரா எழுதவில்லை. அதற்கடுத்த வருஷம் அம்மா கேட்கவில்லை.

அவள் சேர்ந்தது நகரின் மேற்கு ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். பதவியின் பெயர் தொழில்நுட்ப உதவியாளர். பேராசிரியர் சந்திரசேகரன் மதுரைக்காரர். ஒரு பூச்சியின் தலைக்குள், கடுகைவிடச் சிறிய மூளையில், ஒரு பாடம் எப்படிப் பதிகிறது என்பதைத் தெரிந்துகொள்வதில் அவருக்குப் பாதி வாழ்க்கை போயிருந்தது. மீதிப் பாதியும் அதற்கே போகும் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

வேலை இதுதான். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான்கு தேனீப் பெட்டிகள். காலையில் வெளியே கிளம்பும் தேனீக்களைக் குப்பியில் பிடித்து ஐஸில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அசைவு நின்றுவிடும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு குழாய்த் துண்டில் செருகி, தலை மட்டும் வெளியே தெரியும்படி கழுத்துக்குப் பின்னால் ஒரு நூல் அகல டேப் ஒட்ட வேண்டும். விழித்ததும் அதன் முகத்தில் சோம்பு எண்ணெய் வாசனையை நான்கு விநாடி ஊதி, உடனே பல்குத்தும் குச்சியில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு உணர்கொம்பில் வைக்க வேண்டும். தேனீ நாக்கை நீட்டி உறிஞ்சும். மூன்று முறை இப்படிச் செய்தால் போதும், நான்காவது முறை வாசனை வந்ததுமே, சர்க்கரை வருவதற்கு முன்னாலேயே, நாக்கு நீளும். கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

பிறகு அதை ஏமாற்ற வேண்டும். பிற்பகலில் வாசனையை மட்டும் ஊதுவது, சர்க்கரை கிடையாது. மறுபடி வாசனை, மறுபடி ஒன்றுமில்லை. ஐந்தாறு முறைக்குள் தேனீ நாக்கை நீட்டுவதை விட்டுவிடும். மறந்துவிட்டது என்று புதிதாக வருபவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலை அதே தேனீக்கு அதே வாசனையை ஊதினால், சிலது மறுபடி நீட்டும். யாரும் ஒரு துளி சர்க்கரையும் தந்திருக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் சும்மா இருந்ததைத் தவிர அதற்கு ஒன்றுமே நடந்திருக்காது.

முதல்முறை அதைப் பார்த்த அன்று சாரா குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். "இதுக்கு யாரு சார் ஞாபகப்படுத்தினது?" என்று கேட்டாள்.

"அதான் தெரியல" என்றார் சந்திரசேகரன். "தெரிஞ்சா கடையை மூடிட்டு ஊருக்குப் போயிருவேன்."

ஆய்வக நோட்டு விஷயத்தில் அவளுக்கு ஒரு விதி சொல்லப்பட்டிருந்தது. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு. பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகள், தேதி. வந்த புதிதில் நோட்டு முழுக்கக் கோடுகள் இருந்தன. பிறகு குறைந்தன. ஐந்தாவது வருஷத்தில் ஒரு நோட்டு முடியும்போது நான்கோ ஐந்தோ இருக்கும். அவளுடைய கை அவ்வளவு நிதானம். ஒரு மணி நேரத்தில் நாற்பது தேனீக்களுக்கு டேப் ஒட்டுவாள், ஒன்றுகூடச் சாகாது.

வீட்டில் ஷெர்வினுக்கு இது தீராத வேடிக்கை. அந்த ஊர் உருது கலந்துதான் அங்கே பேச்சு.

"க்யா அக்கா, இன்னைக்கு எத்தனை ஈ பாஸு?"

"ஈ இல்லடா, தேனீ."

"ஹவ், ஹவ், தேனீ. பாஸான தேனீக்கு ஹைடெக் சிட்டில வேலை போட்டுத் தருவாங்களா?"

"உன்னை மாதிரி ஃபெயிலானதுக்கு ரயில்வேல போட்டுத் தர்றாங்களே."

"கைக்குடா, ஏண்டா அந்தப் புள்ளைய சீண்டுறே?" என்பாள் ரேச்சல் மகனிடம், கட்டிலில் இருந்தபடியே. அவளுக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தது. தினமும் காலையில் சாரா கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் முழங்கால்களுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். மோண்டா மார்க்கெட் பக்கத்து யுனானிக் கடைத் தைலம், கிராம்பும் கற்பூரமும் இன்னும் ஏதேதோவும் சேர்ந்தது. தேய்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஓடுவாள். அதற்குள் புறநகர் ரயில்களும் வந்துவிட்டன, செகந்திராபாத்தில் ஏறினால் லிங்கம்பள்ளியில் இறங்கிவிடலாம். பெட்டி முழுக்கக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள். ஹைடெக் சிட்டியில் பெட்டி பாதி காலியாகும். அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

2003இல் சௌம்யா வந்து சேர்ந்தாள், கோயம்புத்தூர்ப் பெண், முனைவர் பட்ட மாணவி. வந்த முதல் வாரமே சாராவின் கையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதைச் சொல்லிக் குடுத்துருங்கக்கா, மீதியெல்லாம் நான் படிச்சுக்கறேன்" என்றாள். அவளுடைய ஆராய்ச்சியே அந்த மறுநாள் காலை நீட்டல்தான். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் தேனீக்களுக்குப் பாடம் சொல்வது சாரா. மூன்று மணி ரயிலுக்கு அவள் கிளம்பியபின், சர்க்கரையில்லாத பிற்பகல் சௌம்யாவுடையது. மறுநாள் காலைப் பரிசோதனை மறுபடி சாரா.

இரண்டு வருஷத்தில் வந்த முடிவைப் பார்த்து சந்திரசேகரனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வேறு இடங்களில் பத்துக்கு மூன்றோ நான்கோ தேனீதான் மறுநாள் நீட்டும். இங்கே எட்டு நீட்டின. கட்டுரையின் வரைவு 2005 நவம்பரில் தயாரானது. தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள். சௌம்யா, சாரா ஏனோக், சந்திரசேகரன்.

"என் பேரு எதுக்கு சார்?"

"வேலை செஞ்சவங்க பேரு வரணும்ல?" என்றார் அவர். "இது ஒண்ணு வந்துட்டா, எம்.எஸ்ஸி. இல்லாட்டியும் தனி அனுமதி வாங்கி ஆராய்ச்சிக்குப் பதிவு பண்ண வழியிருக்கு. நான் விசாரிச்சுட்டேன். உங்களுக்கு வேணுமான்னு மட்டும் சொல்லுங்க."

வேணுமா என்று ஏழு வருஷமாக அவளை யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினாள். முதல் பக்கத்தை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ரேச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதில் அப்பாவின் பெயரும் இருந்தது. அந்தத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் எண்களை ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார் சந்திரசேகரன். சாரா இரண்டு வருஷ நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நோட்டில் ஓரமாக, மேலிருந்து கீழே, ஒரு பத்தி உண்டு, தலைப்பு 'முந்தி'. வாசனை ஊதுவதற்கு முன்பே, குழாயை இடத்தில் வைக்கும்போதே, நாக்கை நீட்டிவிடும் தேனீயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை அந்தப் பத்தியில் குறித்துவிட்டு விட்டுவிட வேண்டும். பசி அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். நாளுக்கு இரண்டு மூன்று இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. சாரா அன்று பார்த்தாள். முந்தி நீட்டியவை எல்லாமே காலையில் இருந்தன, அவளுடைய கையெழுத்தில். பிற்பகல் பக்கங்களில், சௌம்யாவின் கையெழுத்தில், அந்தப் பத்தி வெறுமையாகக் கிடந்தது.

அக்டோபரில் அம்மாவின் கண் அறுவைக்காக அவள் ஐந்து நாள் விடுப்பில் இருந்தாள். அந்த வாரம் காலையிலும் சௌம்யாவே செய்திருந்தாள். மறுநாள் நீட்டியது பத்துக்கு மூன்று. ஓரத்தில் சௌம்யா எழுதியிருந்தாள்: மழை.

சாரா தன் வலது கையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆய்வகத்துக்கு என்று ஒரு விதி இருந்தது. பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது. சந்திரசேகரன் எழுதிச் சுவரில் ஒட்டியது. சாரா பூ வைக்கிற வழக்கமுள்ள வீட்டில் பிறந்தவளில்லை. வந்த நாளிலிருந்தே அந்த விதி தனக்குப் பொருந்தாது என்று அதைப் படிக்காமலே கடந்து போனாள். மற்றவர்களும் அப்படித்தான். அலங்காரம்தான் வாசனை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத அம்மாவின் தைலத்தை யாரும் நினைக்கவில்லை. தினமும் காலையில், சர்க்கரை வருகிற நேரமெல்லாம், குச்சியைப் பிடித்துக்கொண்டு அவள் கையும் கூடவே வந்தது. தேனீக்கள் சோம்பையும் கற்றன, அவளையும் கற்றன. பிற்பகலில் வேறு கை வந்தபோது அந்த அறையில் சர்க்கரை இல்லை என்று புரிந்துகொண்டன. மறுநாள் காலை சாரா வந்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சௌம்யாவிடம், "இந்தச் சனிக்கிழமை எனக்காக ஒரு தட்டு தேனீ பண்ணித் தர்றியா?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை புதிதாக எதையும் தொடங்குவதில்லை. சௌம்யா, "உங்களுக்கு இல்லாததாக்கா" என்று சொல்லி, சாரா காலையில் பாடம் சொன்ன தேனீக்களுக்குப் பிற்பகல் வேலையைச் செய்து கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முழங்கால் தேய்க்கும் வேலை ஷெர்வினுக்குப் போனது.

"நக்கோ, நக்கோ, வேணாம்டா" என்று கத்தினாள் ரேச்சல். "ஐயோ, இவன் என்னை ரயில் பெட்டின்னு நெனச்சுட்டான். முட்டியைக் கழட்டிப் போட்டுடுவான். சாரா, நீ வாயேன்!"

"இன்னைக்கு முடியாதும்மா."

"சர்ச்சுக்குப் போகலியா? கொயர்ல ஆல்டோ யாரு பாடுவா?"

"ஒரு ஞாயிறு நான் இல்லாம பாடட்டும்."

தைலத்தில் கொஞ்சம் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, மூடி, அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி எடுத்துப்போனாள். நாற்பது தேனீக்கள் இருந்தன. முதல் இருபதை, கழுவிக் கழுவிச் சிவந்துபோன கையில் புது உறை மாட்டிக்கொண்டு வைத்தாள். சோம்பு வாசனைக்கு நீட்டியது நான்கு. அடுத்த இருபதுக்கு உறையின் விரல்நுனியில் ஒரு சொட்டுத் தைலம். நீட்டியது பதினேழு. அதில் ஆறு, அவள் குழாயை வைத்ததுமே, முந்தி நீட்டின.

நோட்டில் எழுதினாள். தேதி போட்டாள். அந்த அறையில் ஏழு வருஷம் இருந்திருக்கிறாள், ஆனால் எல்லாக் கேள்விகளும் வேறு யாருடையவோதான். இது மட்டும் அவளுடையது. கேட்டாள், பதில் வந்தது. அந்தச் சந்தோஷம் இருபது வயதில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. எழுந்து நின்று யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கட்டடத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. வேதாகமத்துக்குள் இருக்கும் தாள் நினைவுக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சொன்னால் அந்தத் தாளில் ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான்கு நாள் அந்த நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தாள். வியாழக்கிழமை காலை, சௌம்யாவும் சந்திரசேகரனும் இருக்கும்போது, மேஜைமேல் திறந்து வைத்தாள்.

சௌம்யாதான் முதலில் புரிந்துகொண்டாள். "தைலமா? அது உங்க வாசனைன்னே நெனச்சிருந்தேனுங்க்கா" என்றாள். "நீங்க வந்துட்டீங்கன்னு எனக்கே அதை வெச்சுத்தான் தெரியும்." பிறகு, "ரெண்டு வருஷம்க்கா" என்றாள். அதற்கப்புறம், "உங்க பேரும் போகுதே, லூசாக்கா நீங்க?" என்றாள்.

சந்திரசேகரன் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

சுவரில் ஒட்டியிருந்த தன் விதியைப் பார்த்தார். "நாளைக்கு இதையே திரும்பச் செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். பாராட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் குச்சி எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கட்டுரை அனுப்பப்படவே இல்லை. சௌம்யா ஆறு மாதம் வேறொரு தலைப்பை முட்டிப் பார்த்துவிட்டு மாதாபூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். காலை ரயிலில் அவ்வப்போது எதிர்ப்படுவாள், கழுத்தில் அட்டையோடு. "மென்பொருள்ல தப்புக் கண்டுபிடிக்கிற வேலைங்க்கா. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று சிரிப்பாள். அது குத்தலா, நிஜமாகவே சொல்கிறாளா என்று சாராவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பழைய கேள்வி போய்ப் புதிய கேள்வி வந்தது. மறந்ததாகத் தெரிவது திரும்பி வர எது கூப்பிட வேண்டும்? வாசனையா, கையா, அறையின் வெளிச்சமா? அடுத்த இரண்டு வருஷமும் அந்த வேலையை சாரா தனியாகச் செய்தாள். திட்டமும் அவளுடையதே. யுனானிக் கடைத் தைலம் சீட்டு ஒட்டிய புட்டியில் ஆய்வகத்தின் பூட்டிய அலமாரிக்குப் போனது. அளந்து எடுக்கும் நாட்களைத் தவிர அதன் வாசனை அவள்மேல் இருக்கக் கூடாது. அதனால் வீட்டில் அவள் தைலத்தைத் தொடவில்லை. தேய்த்த பிறகு அம்மாவின் அருகிலும் உட்காரவில்லை, கதவோரம் நின்று பேசிவிட்டுக் கிளம்புவாள். ஷெர்வினின் கை மெல்லப் பழகிக்கொண்டது.

"உன் ஈங்களுக்கு என்னைப் புடிக்கலியாடி?" என்று ரேச்சல் ஒருநாள் கேட்டாள்.

"ரொம்பப் புடிச்சிருக்கும்மா. அதான் பிரச்சனை."

ரேச்சல் சிரித்தாள். "புடிச்சவங்க கதவுகிட்டதான் நிப்பாங்களா?"

2008 ஜனவரியில், மூன்று நாள் காய்ச்சலில், ரேச்சல் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஷெர்வின் கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி காலியான தைலப் புட்டியை எடுத்தான். "இது வேணுமா அக்கா?" என்றான். சாரா வாங்கிக்கொண்டாள், திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அந்த வாரம் தைலம் அளக்கிற வாரம். அலமாரியைத் திறந்து, சொட்டை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, குழாயை இடத்தில் வைத்தாள். தேனீ உடனே நாக்கை நீட்டியது. அவள் அதை 'முந்தி' பத்தியில் குறித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மார்ச்சில் கட்டுரை தயாரானது. இந்தமுறை இரண்டே பெயர்கள், முதலில் சாரா ஏனோக். சந்திரசேகரன் தாள்களை அவள் மேஜையில் வைத்தார். மேலே, எழுதியவர்கள் இருவர் பெயரும் அச்சான கையெழுத்துப் படிவம் இருந்தது. அதற்குக் கீழே, அவர் தானே போய் வாங்கிவந்த ஆராய்ச்சிப் பதிவு விண்ணப்பம்.

மூன்று வாரம் அது அவள் மேஜையில் இருந்தது. அவள் தேனீ பிடித்தாள், டேப் ஒட்டினாள், மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பினாள். இனி மூன்று மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. ஷெர்வின் அந்த வாரங்களில் கிண்டலை விட்டிருந்தான். "போட்டுடு அக்கா கையெழுத்து. அம்மா அந்தப் பேப்பரை பைபிளை விட்டு எடுக்கவே இல்ல தெரியுமா?" என்று ஒருமுறை சொன்னான். தெரியும் என்றாள். அவளுக்கு அப்போதும் அது வேண்டியிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆய்வகத்தில் தனியாக இருந்த ஒரு பகலில், விண்ணப்பத்தின் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பியிருந்தாள், தகப்பனார் பெயர் உட்பட. அம்மாவைத் தொடாமல் கதவோரம் நின்ற இரண்டு வருஷத்தின் கூலி அது என்று தோன்றியதும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

நான்காவது திங்கட்கிழமை காலை சந்திரசேகரன் வருவதற்குமுன் தாள்கள் அவர் மேஜைக்குத் திரும்பியிருந்தன. விண்ணப்பம் அதில் இல்லை. கட்டுரையில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஏன் என்று பிறகு அவர் கேட்டார், ஷெர்வின் கேட்டான், ரயிலில் சௌம்யா கேட்டாள். படிவத்தில் முதல் பெயரின்மேல், அளவுகோல் வைத்து, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி, ஒற்றைக் கோடு இழுத்திருந்தாள். பக்கத்தில் சா. ஏ. என்றும் அன்றைய தேதியும்.